பழகிய குருவிகள்

“பார்த்தியா ஸுஹா, எவ்வளவு கிட்ட வந்திருக்கு!” அபூ நிசார் கேமராவை மனைவியிடம் நீட்டினார். அம்மானில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில், அன்று நடுப்பகலில் எடுத்த சிட்டுக்குருவிப் படங்கள்.

அடுப்பிலிருந்த சூப்பைக் கிளறிக்கொண்டே ஸுஹா பார்த்தாள். “என்னைக் கண்டா மட்டும் பறந்துடுதே?”

“பொறுமை வேணும்டி. ஒரு வாரமா தினமும் ரெண்டு மணி நேரம் அசையாம உட்கார்றேன். மனசு சுத்தமா இருந்தா பறவைக்குத் தெரியும்.”

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். “அலகுல என்னங்க, ரொட்டித் துண்டா?”

“ஆமா! அதுல ஒட்டின எள்ளைக்கூட எண்ணலாம், பாரு!”

“எண்ணிட்டேன்.” ஸுஹா அடுப்பை அணைத்தாள். “நோன்பு திறக்கப் பள்ளிவாசல்ல பாங்கு சொன்னதும் பிள்ளைங்களுக்கும் எனக்கும் மட்டும் சூப்பு ஊத்துறேன். ரமலான் பகல்ல குருவியோட ரொட்டியைப் பங்கு போட்டுத் தின்னவருக்கு இப்ப எங்க பசிக்கப் போகுது?”