கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கணவர்

“புருஷனோட கம்ப்யூட்டரை அவருக்குத் தெரியாம திறக்கணும். அதுக்கு எத்தனை நாள் படிக்கணும் டீச்சர்?”

நூலக மாடியில் பெரியவர்களுக்கான கம்ப்யூட்டர் வகுப்பு. கேட்டவர் தையல்கடை அம்மாள். டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

“இங்க மெயில் அனுப்பத்தாம்மா சொல்லித் தர்றோம், பூட்டு உடைக்க இல்ல. அப்படி என்ன சந்தேகம்?”

“போன மாசம் ரிட்டையர் ஆனாரு. பையன் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான். ஹெட் கிளார்க்கா இருந்தவராச்சே, ‘எனக்குத் தெரியாததா, நீ போடா’ன்னு அவனை விரட்டிட்டாரு. அன்னிலேர்ந்து கதவைச் சாத்திக்கிட்டு டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருக்காரு. நான் காபியோட போனா எழுந்து நின்னு மறைக்கிறாரு. நேத்து கதவுல காதை வெச்சுக் கேட்டேன். வரிசையா பொம்பளைங்க பேரா சொல்லிக்கிட்டிருக்காரு!”

“பாஸ்வேர்டை அவர்கிட்டயே கேட்டுப் பாருங்களேன்.”

“கேக்காம இருப்பேனா? ‘வெளியில சொன்னா அது பாஸ்வேர்டா?’ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு.”

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மவுஸை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

காலமெல்லாம் தையல் மெஷினை மிதித்தவர் அந்த அம்மாள். முதல் நாள் மேஜைக்கடியில் காலை விட்டுப் பெடலைத் தேடினார். ஆனாலும் பிடித்தால் உடும்புப் பிடி. ஒரே மாதத்தில் மெயில் அனுப்பினார், பேரனின் போட்டோக்களை இறக்கினார், பக்கத்து சீட்டு நர்ஸம்மாவுக்குச் சொல்லியும் கொடுத்தார். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. கணவர் நினைப்பு வரும்போது மட்டும் மவுஸை அப்படியே விட்டுவிடுவார். பேரன் எடுத்த வயசில் இது என்ன கூத்து!

வகுப்பு முடிந்த அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் கணவரே அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். முகத்தில் அசடு வழிந்தது.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பையனுக்குத் தெரிஞ்சா என் மானமே போயிடும்.”

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “யாருங்க அவ? நேராவே சொல்லிடுங்க, தாங்கிக்கிறேன்.”

“எவ?” என்று விழித்தவர், குரலைத் தாழ்த்தினார்.

“பாஸ்வேர்டு மறந்துபோனா என்ன செய்யணும்னு உங்க கிளாஸ்ல சொல்லிக் கொடுத்தாங்களா? தெரிஞ்ச பேரையெல்லாம் போட்டுப் பார்த்துட்டேன், வாங்கின மறுநாள்லேர்ந்து என்னால உள்ளேயே போக முடியலடி!”