பத்துக்குப் பத்து

“புகை வந்தா மட்டும் போதுமாம்மா? இது யார் செஞ்ச வேலைன்னு தெரியாம என் ஆளுங்க ஒருத்தரும் நகர மாட்டாங்க” என்றார் நகர்மன்றத் தலைவர்.

தீயணைப்பு நிலைய அதிகாரியம்மா தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பின்பக்க ஜன்னல் வழியாகக் கரும்புகை கூட்டரங்குக்குள் வந்துகொண்டிருந்தது. அபாய மணி காது கிழிய அடித்தது. இருபது உறுப்பினர்களும் நாற்காலியின் கைகளை இறுகப் பற்றியபடி உட்கார்ந்திருந்தார்கள்.

“ஐயா, இது ரெண்டாவது மாடி. இறங்க ஒரே படிக்கட்டுதான் இருக்கு. முதல்ல கீழ போங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

“மச்சானுக்கு அதுதானே வேணும்” என்றது எதிர்வரிசைக் குரல். பேசியவர் எதிரணித் தலைவர். நகர்மன்றத் தலைவரின் தங்கையைக் கட்டியவர். “நாங்க பத்துப் பேரும் இறங்குவோம். இவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இங்கேயே இருந்து ஓட்டுப் போட்டு முடிச்சிடுவாங்க.”

“மாப்ள, மணியை அடிக்க விட்டதே நீதான்னு நான் நினைக்கிறேன்.”

நகரத்துக்குப் புது அரங்கம் ஒன்று கட்ட வேண்டும். கட்டுவதில் இரண்டு அணிக்கும் சண்டையே இல்லை. தலைவரின் அப்பா பெயரை வைப்பதா, மாப்பிள்ளையின் அப்பா பெயரை வைப்பதா என்பதில்தான் தகராறு. காலையிலிருந்து மூன்று முறை ஓட்டெடுத்தாகிவிட்டது. மூன்று முறையும் பத்துக்குப் பத்து. மாலை ஐந்து மணியோடு மன்றத்தின் பதவிக்காலம் முடிகிறது. அதற்குள் முடிவாகாவிட்டால் தீர்மானமே காலாவதி.

அதிகாரியம்மா மன்றச் செயலாளரைப் பார்த்தார். “நீங்களாவது சொல்லுங்களேன்.”

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதங்களைப் புரட்டினார். “கூட்டத்தை ஒத்திவைக்கணும்னா பெரும்பான்மை வேணும்மா. அதுலயும் பத்துக்குப் பத்துதான் வரும். அதோட, தீ விபத்து இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லை.”

மூன்றாம் வரிசையில் ஓர் உறுப்பினர் குலுங்கிக் குலுங்கி இருமினார். ஆஸ்துமாக்காரர். பாதி எழுந்துவிட்டார்.

“உட்காருய்யா” என்றார் தலைவர். “அஞ்சு வருஷம் பொறுத்தவன் அரைமணி நேரம் பொறுக்க மாட்டியா?”

“தலைவரே, மூச்சு முட்டுது.”

“மெதுவா விடு.”

அதிகாரியம்மாவுக்கு முகம் வெளுத்தது. ஆஸ்துமாக்காரரையே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அரங்கின் நடுவுக்கு வந்து நின்றார்.

“சரி. ஒரு பக்கம் போனா இன்னொரு பக்கம் ஜெயிச்சிடும். அவ்வளவுதானே? ஜோடி ஜோடியா போங்க. இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். கையைக் கோத்துக்கிட்டே இறங்கணும். கணக்கு மாறாது.”

அரங்கம் யோசித்தது. இரண்டு தலைவர்களும் தத்தம் ஆட்களோடு தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

“கையை நடுவுல விட்டுட்டா?” என்றார் மாப்பிள்ளை.

“நான் பார்த்துக்கறேன்.”

“அப்ப சரி. இந்த ஊர்ல எனக்கு நம்பிக்கைன்னா அது தீயணைப்புக்காரங்க மேல மட்டும்தான்.”

“எனக்கும்தான்” என்றார் தலைவர். ஐந்து ஆண்டுகளில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். செயலாளர் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஆஸ்துமாக்காரரின் ஜோடி முதலில் கிளம்பியது. ஐந்து ஆண்டுகளாக மைக்கைப் பிடுங்கிச் சண்டை போட்டவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல விரல் கோத்துப் படியிறங்கினார்கள். ஒருவர் தடுக்கினால் மற்றவர் தாங்கிப் பிடித்தார்; விழுந்தாலும் ஓட்டுப் போய்விடுமே.

கடைசியில் இரண்டு தலைவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். வாசற்படியருகே வந்து நின்றுவிட்டார்கள்.

“நீ முதல்ல கால் வை மாப்ள.”

“பெரியவங்க நீங்க வைங்க மச்சான்.”

“உன் தங்கச்சி புருஷன் மாதிரி நடந்துக்கோயேன்.”

“என் தங்கச்சி புருஷன் இல்ல, உங்க தங்கச்சி புருஷன்.”

அதிகாரியம்மா இருவரின் நடுவில் புகுந்து ஆளுக்கொரு மணிக்கட்டைப் பிடித்தார். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணி, மூன்று பேருமாகப் பக்கவாட்டில் திரும்பி நண்டு நடை நடந்து வெளியேறினார்கள்.

தெருவுக்கு வந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “மணி அஞ்சு. மன்றம் கலைஞ்சாச்சு. தீர்மானம் காலாவதி.”

இரண்டு தலைவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோத்த கைகளை விடுவதா வேண்டாமா என்று மற்ற பதினெட்டுப் பேருக்கும் தெரியவில்லை.

“போகட்டும்” என்றார் தலைவர், தொண்டையைச் செருமியபடி. “உசிரோட இருக்கோமே. அதிகாரியம்மா, உங்களை மறக்க மாட்டோம்.”

மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார்.

அதிகாரியம்மா பதில் கும்பிடு போட்டுவிட்டுக் கட்டடத்தின் பின்பக்கம் போனார். ஆஸ்துமாக்காரரின் இருமல் அங்கே வரைக்கும் கேட்டது. அவருக்கு ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டுத்தான் தீயணைப்பு வண்டி ஓட்டுநரிடம் பேசினார்.

“அந்த டயரை அணைச்சிடு. இவ்வளவு புகை வரும்னு நான் நினைக்கல.”

ஓட்டுநர் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். “ஒருத்தருக்கும் சந்தேகம் வரலையா மேடம்?”

“எல்லார் மேலயும் வந்துச்சு, நம்ம மேல மட்டும்தான் வரல” என்றார் அதிகாரியம்மா. “அரங்கத்துக்கு யார் பேரு வைக்கிறதுன்னு காலையிலிருந்து அடிச்சுக்கிட்டாங்க. நாலாவது ஓட்டுல ஒருத்தர் மாறியிருந்தாலும் தீர்மானம் நிறைவேறியிருக்கும். அதுக்காக இடிக்கப் போறது இந்த ஊர்ல இருக்கிற ஒரே தீயணைப்பு நிலையத்தைன்னு இருபது பேர்ல ஒருத்தருக்குக்கூட உறைக்கலையேப்பா.”