தெலுங்கில் தேறியவன்

எங்கள் எல்லையோர ஊர் ஆந்திராவோடு இருந்தபோது, தெலுங்குத் தேர்வில் தேறாத தமிழ் வாத்தியார்களுக்கு வேலை கிடையாது என்று உத்தரவு வந்தது. சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை விட மனமில்லாமல் மாலை வகுப்பில் சேர்ந்தேன். தினம் முப்பது சொற்கள் மனப்பாடம் செய்தேன்.

பக்கத்தில் சக வாத்தியார் திருவேங்கடம் குறட்டை விட்டார்.

"எழுந்திரிங்க சார், வேலை போயிடும்!"

"எனக்கும் சேத்து நீயே படிச்சிக்கினு இரு நைனா."

நான் தேறினேன், அவர் தவறினார். அவரை வேலையிலிருந்து நீக்குவதற்குள் எல்லைத் தீர்ப்பு வந்து, எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டது. தெலுங்கு தெரிந்தவன் என்று என்னை மட்டும் ஆந்திராவிலேயே நிறுத்தி, சந்திரகிரிக்கு மாற்றினார்கள். திருவேங்கடம் எங்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார்.

பஸ் ஏற்றிவிட வந்தவர் சிரித்தார். "உன்ன யாரு நைனா பாஸ் பண்ணச் சொன்னா?"

தேர்வை மறுபடி எழுத மனுப் போட்டிருக்கிறேன். இந்த முறையாவது தோற்பேனா என்று பயமாக இருக்கிறது.