முப்பத்தெட்டு மார்க்

பெரியவளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

பல்கலைக்கழகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு சிரித்தால் நன்றாகவா இருக்கும்? அதுவும் பக்கத்து நாற்காலியில் தங்கை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கும்போது.

சர்வதேசப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் பள்ளியிறுதி டிப்ளமா இங்கே செல்லுமா செல்லாதா, செல்லுமென்றால் உள்ளூர் மதிப்பெண்ணில் எவ்வளவு என்று சொல்லும் பிரிவு அது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் அம்மாள். தடுப்பில் ஒரு சின்ன ஓட்டை. பேச வேண்டுமானால் யாராக இருந்தாலும் குனிந்தாக வேண்டும். அந்த ஏற்பாடு பெரியவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தங்கை குனிவதைப் பார்க்கத்தானே கூப்பிடாமலே துணைக்கு வந்திருக்கிறாள்!

சற்று முன் ஒருவர் குனிந்தார். அவர் மகள் டிப்ளமாவை முழுசாக முடிக்கவில்லையாம், தனித்தனிப் பாடங்களுக்குத்தான் சான்றாம். இங்கே செல்லாது என்று அந்த அம்மாள் திருப்பி அனுப்பிவிட்டாள். பெரியவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பொறாமை என்றால் பொறாமைதான். இதில் பூசி மெழுக என்ன இருக்கிறது?

சின்னவளுக்குத் தொட்டதெல்லாம் துலங்கும். புருஷன் துலங்கினான், அவன் வேலை துலங்கியது, வீடு துலங்கியது. அவள் மகள் பேசும் இங்கிலீஷைக் கேட்டாலே பெரியவளுக்குக் காதில் புகை வரும். அந்த வீட்டு வாசலை மிதிக்காமல் இருக்க வருஷக்கணக்கில் சாக்கு வைத்திருந்தாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டுச் சின்னவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, போனில் இரண்டு வார்த்தை விசாரித்ததோடு சரி.

இப்போது இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இதே பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். பெரியவளின் மகன் உள்ளூர்ப் பள்ளிக்கூடம், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. ஒரே ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை, தன் பிள்ளை முந்திவிட வேண்டும். சாமியிடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

சாமி கேட்டதற்கு மேலேயே கொடுத்தது. போன வாரம் போன் வந்தது.

“ரிசல்ட் வந்துடுச்சுக்கா. முப்பத்தெட்டு.” சின்னவளின் குரல் கம்மியிருந்தது.

முப்பத்தெட்டு! அத்தனை பெரிய பள்ளிக்கூடம், அத்தனை பீற்றல், கடைசியில் முப்பத்தெட்டு மார்க்!

பெரியவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். ஆறுதல் சொல்லத்தான். வழி நெடுகச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னாள்.

அன்று தங்கை மகள் மட்டும், “பெரியம்மா, அது வந்து...” என்று ஏதோ ஆரம்பித்தாள். சின்னவள் அவளைத் தண்ணீர் எடுத்துவர உள்ளே அனுப்பிவிட்டாள். வெட்கமாக இருக்காதா பின்னே என்று பெரியவள் பெருந்தன்மையோடு நினைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து தினமும் போனாள். அடுத்தவள் சறுக்கலில் இவ்வளவு தெம்பு கிடைக்குமென்று அவளுக்கே தெரியாது. சமைத்துப் போட்டாள். தங்கைக்குத் தலை வாரிவிட்டாள். சின்னவள் சின்ன வயதில் செய்வதுபோல அவள் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, “நாளைக்கும் வருவியாக்கா?” என்று கேட்டாள். பாவம், மனசு விட்டுப்போயிருக்கிறாள் என்று பெரியவள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். அக்கா, தங்கை, தங்கை மகள் மூவரும் எழுந்து போனார்கள். சின்னவள் ஓட்டைக்கு நேராகக் குனிந்தாள். பெரியவள் அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள். விழுந்துகிழுந்து வைத்தால் தாங்கிப் பிடிக்க வேண்டுமே.

அந்த அம்மாள் டிப்ளமாவைப் புரட்டினாள். கணினியில் தட்டினாள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சின்னவளுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

“நாற்பத்தஞ்சுக்கு முப்பத்தெட்டா! எங்க கணக்குல தொண்ணூத்தி மூணு வருதும்மா. கட்டடக்கலைக்குத் தாராளமாப் போதும்.”

நாற்பத்தைந்துக்கு.

நூற்றுக்கு இல்லையா? நூற்றுக்கு என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பாவி, இதிலும் துலங்கிவிட்டாளே! இரண்டே இரண்டு மார்க்கில் மறுபடியும் முந்திவிட்டாளே! ஊரெல்லாம் போன் போட்டுத் தொலைத்தோமே, இனி யார் முகத்தில் முழிப்பது?

“முன்னாடியே தெரியுமாடி உனக்கு?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். “ஒரு வாரமா என்னை முட்டாளாக்கி வேடிக்கை பார்த்தியா?”

சின்னவள் திரும்பவில்லை. குனிந்தபடியே, பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“சொல்லியிருந்தா நீ வந்திருப்பியாக்கா?”

பெரியவள் வாயைத் திறந்தாள். வந்திருப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆஸ்பத்திரிக்கே போகாதவள் எந்த வாயால் சொல்வது?

வேலை முடிந்தது, அடுத்தவர் வரலாம் என்று அந்த அம்மாள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். சின்னவள் நகரவில்லை. அக்காவின் கை இன்னும் தோளில்தான் இருந்தது. நிமிர்ந்தால் எடுத்துவிடுவாளோ என்று அப்படியே குனிந்து நின்றாள்.