ஆறாவது மானேஜர்

1971. மாற்றலாகி வந்த குமாஸ்தா மாலிக்கின் தலையில் காரைக்குடி கால்பந்து கிளப்பின் வெள்ளிவிழா மலரைக் கட்டிவிட்டார்கள். இதுவரை இருந்த ஆறு மானேஜர்களில் யார் பெரிய ஆள் என்று கேட்டால், ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சண்டைக்கே வந்தார்கள். கடைசியில், ஒரு மேட்ச் விடாமல் பார்த்திருந்த மைதானத்து இட்டிலிக்கடை வீரலட்சுமியிடம் போனான்.

“அல்லாபிச்சைதான். மூணு கப்பு ஜெயிச்சுக் குடுத்தாரு. முத்துராமலிங்கம் ரெண்டு. சோலையப்பன், ஹனிபா, கறுப்பையா ஆளுக்கு ஒண்ணு” என்றாள், அடுப்பை விட்டுத் திரும்பாமல்.

“அஞ்சு பேருதானே ஆச்சு? ஒருத்தரை மறந்துட்டீகளே.”

“மறக்கலை தம்பி. அவுக ஒரு கப்பும் ஜெயிக்கலை. தோத்த பயலுக பட்டினியாப் போகக் கூடாதுன்னு பதினோரு பேரையும் வீட்டுக்குக் கூட்டியாந்து, என்னைய இட்டிலி அவிக்கச் சொல்லுவாக. அப்படிப் பழகுன கைதான் இப்ப சோறு போடுது.”

மாலிக் கையிலிருந்த மானேஜர்கள் பட்டியலைப் பார்த்தான். “சேவுகன்... அவுகளா?”

வீரலட்சுமி இப்போதுதான் திரும்பினாள்.

“கட்டுனவுக பேரை நான் வாயால சொன்னதில்லை. அவுக போனப்புறம் சொல்லுறதுக்கும் ஆளில்லை. இன்னொரு தடவை வாசிங்க தம்பி.”