நூல் கட்டிய கண்ணாடி

ஊருக்கே மூக்குக்கண்ணாடி விற்ற வேலாயுதம் செத்த பதினாறாம் நாள், வீட்டில் படத்திறப்பு. அலமாரியில் கிடந்த அவருடைய பழைய கண்ணாடி எட்டிப் பார்த்தது. படத்தில், அவர் மூக்கின்மேல் ஒரு கண்ணாடி பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"யாருடா நீ?"

"நீதாண்ணே. உம்மேல கட்டியிருந்த நூலை மட்டும் ஸ்டூடியோவுல அழிச்சுட்டாங்க," என்றது படத்துக் கண்ணாடி.

பழையதற்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு ஸ்க்ரூ போட்டுக் குடுடான்னு, கடையைப் பாத்துக்கிற மகன்கிட்ட ஆறு மாசமாக் கேட்டாரு மனுஷன். கடைசியில வீட்டம்மாதான் நூலைச் சுத்திக் கட்டிவிட்டாங்க. அதை அழிக்க மட்டும் ஆளு கிடைச்சுதாக்கும்!"

அதற்குள் மகன் மைக்கைப் பிடித்து விம்மினான். "அப்பா எதைக் கேட்டும் நான் ஒருநாளும் முடியாதுன்னு சொன்னதில்லை!"

"வாஸ்தவம்," என்றது பழைய கண்ணாடி. "தினமும் நாளைக்குன்னுதான் சொன்னான்."