ரசலையனின் ஸ்தோத்திரக் காணிக்கை

கீர்த்தனை இரண்டாம் சரணத்துக்கு வந்துவிட்டது. ஞானபாய் இன்னும் வரவில்லை.

ரசலையன் பாடுகிற சாக்கில் மறுபடியும் பெண்கள் பக்கம் பார்த்தார். முன்வரிசையில் ஒன்றிரண்டு வெள்ளைச் சேலைகள். அவ்வளவுதான். கல்யாணமான நாள் முதல் ஜன்னலோரத்தில் உட்காருகிற மனைவியைக் காணோம்.

காலையில் அவரோடுதான் புறப்பட்டு வந்தாள். ஆலய வாசலில் எல்லாரையும் போல அவர்களும் பிரிந்தார்கள். அவர் வலப்பக்கம் ஆண்கள் பெஞ்சுக்கு, அவள் இடப்பக்கம் பெண்கள் பெஞ்சுக்கு. அதற்குள் எங்கே போய்த் தொலைந்தாள்?

போன ஞாயிறும் இதே கதைதான். அதற்கு முந்தின ஞாயிறும் அப்படித்தான்.

ஆனால் ஆசீர்வாதம் முடிந்து, வெளியே போக வாசலை நோக்கித் திரும்பினால், அங்கேயே உட்கார்ந்திருப்பாள். மடியில் வேதப்புத்தகம், முகம் பச்சைக் குழந்தை போல. கேட்டால், ஆரம்பம் முதல் இங்கேதான் இருந்தேன் என்பாள்.

பெண்களின் பாட்டு ஓடு அதிர எழும்பியது. நாலு பேர் பாடினால் இத்தனை சத்தம் வருமா? அதுவும் அவருக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. எப்போதும் அவருக்கு இடப்பக்கம் உட்காருகிற பக்கத்து வீட்டுச் சிலுவைதாசனையும் காணோம். அவனும் இப்போதெல்லாம் ஆசீர்வாதத்துக்குப் பிறகுதான் முளைக்கிறான்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை.

ஆடி மாதம் தோப்பில் நின்றவர் நின்றபடி விழுந்து, மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. வெள்ளைக்கார டாக்டர் அவரிடம் ஒன்றும் சொல்லாமல், ஞானபாயை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், தன் தலையைத் தட்டிக் காட்டி என்னவோ பேசினார். மூளையில் ரத்தம் கட்டியிருக்கிறதாம். அவள் அப்படித்தான் வந்து சொன்னாள்.

மூளை கெட்டவனுக்கு வேத வசனம் நினைவிருக்குமா? தோப்பில் எந்தத் தென்னை யார் வைத்தது என்று சொல்லத் தெரியுமா? இவருக்கு எல்லாம் தெரிந்தது. இவரைப் பைத்தியமாக்க யாருக்கோ அவசரம்.

வீட்டிலும் தந்திரம்தான். தட்டில் வெறும் மரச்சீனிக் கிழங்கை வைப்பாள். மீன் எங்கே என்று கத்தினால், தட்டை அரைவட்டமாகத் திருப்பி வைப்பாள். மீன் இருக்கும். எப்படி வந்தது என்று இன்றுவரை அவருக்குப் பிடிபடவில்லை. இன்று காலை முகம் மழித்து முடித்தபோதுகூட, இன்னும் இடது கன்னம் பாக்கி இருக்கிறது என்றாள். கிண்டல்.

இன்றோடு எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு.

வியாதி நீங்கியவர்கள் சபைக்கு முன்னால் போய் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து, இரண்டு வார்த்தை சாட்சி சொல்வது வழக்கம். ரசலையனும் போதகரிடம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் அவர் சொல்லப்போகிற சாட்சி வேறு. அதைச் சொன்னால் ஞானபாயைச் சபை விலக்கிவைக்கும். திருவிருந்து கிடையாது. செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. நினைக்கவே அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

போதகர் பெயர் சொல்லி அழைத்தார்.

ரசலையன் எழுந்து முன்னால் போனார். காணிக்கையை வைத்தார். சபையை நோக்கித் திரும்பினார்.

ஞானபாய் இருந்தாள்.

ஜன்னலோரத்தில், தன் இடத்தில். அவள் மட்டுமல்ல, பெண்கள் பக்கம் ஓர் இடம் விடாமல் நிறைந்திருந்தது. யாரும் அவசரமாக ஓடிவந்து உட்கார்ந்த மாதிரித் தெரியவில்லை.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் நீர். புருஷன் சுகமாகி, சபைக்கு முன் நின்று ஸ்தோத்திரம் சொல்லப்போகிற சந்தோஷம்.

சொல்ல வந்ததை ரசலையன் நிறுத்திக்கொண்டார். அப்படியானால் அந்தச் சிலுவைதாசன்? அவனைத் தேடினார்.

அவன் இல்லை. அவன் மட்டுமல்ல, ஆண்களில் ஒருவர்கூட இல்லை. இப்போதுதான் அவர்கள் நடுவிலிருந்து எழுந்து வந்தார்.

"ஆம்பிளைய எல்லாரும் எங்க போனாவ?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இஞ்சதான் இருக்கோம் அண்ணாச்சி. ஒருத்தரும் எங்கயும் போவல்ல." சிலுவைதாசனின் குரல்தான். ஆளைக் காணோம்.

ஞானபாய் எழுந்தாள். ஆராதனை நடுவே பெண்கள் எழுந்து முன்னால் போவது அங்கே வழக்கமில்லை. போதகர் தடுக்கவில்லை.

கல்யாணத்தன்று இதே இடத்தில் அவருக்கு இடப்பக்கம் நின்றவள், இப்போதும் அந்தப் பக்கமே நிற்க வந்தாள். அவர் கண்கொட்டாமல் பார்த்தார். கிட்டே வந்தாள், அவர் முகத்துக்கு நேரே கடந்தாள், அப்படியே இல்லாமல் போனாள்.



ஒரு கை தோளைப் பற்றியது. சாப்பாட்டுத் தட்டைத் திருப்புகிற அதே நிதானத்தில் அவரை மெல்ல இடப்பக்கம் திருப்பியது. ஆண்கள் வந்தார்கள். பெஞ்சு பெஞ்சாக, ஒவ்வொருவராக. அவர் எழுந்துவந்த காலியிடத்துக்குப் பக்கத்தில் சிலுவைதாசன், துண்டால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தான்.

ஞானபாயை மட்டும் காணோம்.

தோளில் கை இருந்தது. அது யாருடைய கை என்பதில் ரசலையனுக்குச் சந்தேகம் வரவில்லை.